முழங்காவிலில் சுண்ணக்கல், மாங்குளத்தில் கருங்கல்: கடல் எதுவரை வந்தது?

கேள்வி இதுதான்: மாங்குளம் பக்கம் கிணறு வெட்டினால் கருங்கல் முட்டுகிறது, முழங்காவிலில் குழாய்க்கிணறு அடித்தால் வெள்ளைச் சுண்ணக்கல்லும் சிப்பி அச்சும் வருகின்றன. கடல் ஒரு காலத்தில் வட இலங்கையின் வன்னிக்குள் வந்து நின்றதா? சுண்ணக்கல் கிடக்கும் உயரத்தை அளந்தால் பழைய கடல்மட்டம் தெரிந்துவிடுமா?

முதற் கேள்விக்குப் பதில், ஆம், வந்தது. இரண்டாவதற்கு, தெரிந்துவிடாது. சுண்ணக்கல்லின் உயரத்தைக் கடல்மட்டத்தின் உயரமாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை. கடல்மட்டத்தின் கதை கல்லின் உடம்பில் இருப்பதை விட, ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் நடுவிலுள்ள வெட்டுமுகங்களில், அதாவது படிவது நின்றுபோன பழைய மேற்பரப்புகளில்தான் அதிகம் இருக்கிறது. அது ஏன் என்று விளங்க, இந்தக் கல் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நிலம். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்திய கல் அது. வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் எல்லாம் அதன்மேல்தான். மேற்கிலும் வடக்கிலும் அந்தப் பழைய பாறை சரிந்து கீழே போகிறது. அதன்மேல் மயோசீன் என்ற, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்திய காலத்துச் சுண்ணக்கல் கிடக்கிறது. எல்லைக்கோடு ஏறத்தாழப் புத்தளம் பக்கமிருந்து மேற்குக் கரையோரமாக வந்து, முருங்கனுக்குக் கிழக்காகக் கடந்து, வடகிழக்கே வளைந்து முல்லைத்தீவுப் பக்கம் கடலைத் தொடும். சிலாவத்துறை, முழங்காவில், பூநகரி, பரந்தன் எல்லாம் கோட்டுக்கு இந்தப்பக்கம், அதாவது படிவுப்பாறைப் பக்கம். கோட்டருகே சுண்ணக்கல் மெல்லிய ஆப்பு முனைபோல் தேய்ந்து முடிகிறது; கடலை நோக்கிப் போகப்போகத் தடிக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அடியில் பல கிலோமீற்றர் தடிப்பில் படிவுகள் உண்டு. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டது இத்தகைய தடித்த படிவுகளை நம்பித்தான்.

இந்தச் சுண்ணக்கல்லின் வயதைச் சொல்வது அதற்குள் கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகள். 1923இல் வேலண்ட், மோர்லி டேவிஸ் என்ற ஆய்வாளர் இருவரும் இலங்கையின் மயோசீன் படைகளைப் பற்றி எழுதியபோதே இது பேசப்பட்டது. தபெரினா மலபாரிக்கா என்ற, வில்லை வடிவ ஓடுள்ள துளையுயிரி (ஓடு கட்டும் ஒற்றைக்கல நுண்ணுயிர்) இதில் உண்டு. அதே உயிர் கேரளத்துக் கொல்லம் சுண்ணக்கல்லிலும் இருக்கிறது. காலம் மயோசீனின் முற்பகுதி: பேர்டிகேலியன் என்று பிரிக்கப்படும், ஏறத்தாழ 2 கோடியே 4 இலட்சம் ஆண்டுக்கும் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட துண்டு. இதன் உறவுக்காரர் இன்று ஆழமற்ற, வெளிச்சம் படும் கடற்புல் வெளிகளில் வாழ்கிறார்கள். ஆக, நீங்கள் கையில் எடுக்கும் கல் ஆழ்கடலில் உண்டானது அல்ல. மன்னார் கரையோரம் இன்று காண்கிற மாதிரியான ஆழமற்ற கடலில் உண்டானது.

இத்தகைய கல் குவிந்து உண்டாவதைச் சுண்ணக்கல் மேடை என்பார்கள்; இனி அது என்ன என்று பார்ப்போம். மணற்கல்லும் களியும் எங்கேயோ உள்ள மலை தேய்ந்து ஆற்றோடு வந்து படிபவை. சுண்ணக்கல் அப்படியல்ல, கிடக்கும் இடத்திலேயே உற்பத்தியாவது. முருகைக்கல், சுண்ணப்பாசி, துளையுயிரி, சிப்பி, நத்தை இவை கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து ஓடு கட்டுகின்றன. செத்தபின் ஓடு உடைந்து மணலாகவும் சேறாகவும் குவிகிறது. தட்டையான தலையும் சரிந்த விளிம்புமாக இந்தக் குவியல் அகன்று வளர்ந்தால் அதுதான் சுண்ணக்கல் மேடை.

இந்த உற்பத்திக்கு எசமான் சூரிய வெளிச்சம். முருகையின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளித்தொகுப்புச் செய்தால்தான் முருகை வேகமாக ஓடு கட்டும். ஆகவே உற்பத்தி முதல் 10–20 மீற்றர் ஆழத்தில் உச்சத்தில் இருக்கும். அதற்குக் கீழே சடுதியாகக் குறையும். தெளிந்த நீரிலும் 100 மீற்றர் அளவில் ஏறக்குறைய நின்றுவிடும். நீர் கலங்கினால் இந்த எல்லை மேலே ஏறிவிடும். நன்னீர் கலந்து உப்பு குறைந்தால் முருகை சாகும். ஆறு கொண்டுவரும் களி மேலே படிந்தால் மூச்சுமுட்டும். பசளைச்சத்து மிகுந்தால் மெதுவாக வளரும் முருகையை மென்பாசி மூடிவிடும். கல்லைத் துளைக்கும் கடற்பஞ்சும் புழுவும் பெருகிக் கட்டியதை அரித்துவிடும். மேடை ஒன்று எங்கே வளரும், எங்கே வளராது என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். வன்னியில் கருங்கல் எல்லையை அண்டிய சுண்ணக்கல்லில் படிக (குவாட்ஸ்) மணல் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கும் இதுவே காரணம்: அக்காலத்து ஆறுகள் கருங்கல் நிலத்தை அரித்து அந்த விளிம்பில்தான் மணலைக் கொட்டியிருக்க வேண்டும்.

வளர்ந்த மேடையை உள்ளிருந்து வெளியே நடந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் அலை ஏறி இறங்கும் தட்டை நிலம். அங்கே பாசிப்பாய் படர்ந்து மெல்லிய வரிவரியான சேறு படியும், வெயிலில் வெடிக்கும். அடுத்தது களப்பு: அமைதியான நீர், கடற்புல், சேறு, புழுக்களின் எச்சமணிகள், வில்லைத் துளையுயிரிகள். அதற்கும் வெளியே அலை அடிக்கும் மணல்திட்டு. அங்கே சேறு தங்காது, கழுவப்பட்ட ஓட்டுமணல் மட்டும் இருக்கும். பிறகு விளிம்பில் முருகைக் கற்பார். அதைத் தாண்டினால் சரிவு. அதில் விளிம்பு உடைந்து உருண்ட கற்களும் மேலிருந்து வழிந்த மென்சேறும். கடைசியில் ஆழ்கடல். பஹாமாஸ் மேடையில் இன்றும் இந்த ஒழுங்கைக் காணலாம்: மேடைத் தலையின் பெரும்பகுதியில் நீராழம் 10 மீற்றருக்குள், ஆனால் அதற்குக் கீழே ஆழமற்ற நீரில் படிந்த சுண்ணக்கல் 4 கிலோமீற்றருக்கு மேல் தடித்துக் கிடக்கிறது.

10 மீற்றர் ஆழக் கடலில் 4 கிலோமீற்றர் கல் எப்படி வந்தது? நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. மேடை அதே வேகத்தில் மேலே கட்டிக்கொண்டிருந்தது. பசுபிக்கிலுள்ள எனிவெட்டோக் தீவில் 1952இல் துளையிட்டபோது ஏறத்தாழ 1,400 மீற்றர் சுண்ணக்கல்லைக் கடந்த பிறகுதான் எரிமலைப் பாறை வந்தது. தாழும் எரிமலையைச் சுற்றி முருகை மேலே வளர்கிறது என்று 1842இல் டார்வின் சொன்னதற்கு அது நேரடிச் சான்று.

ஆகவே கல்லின் தடிப்பு கடலின் ஆழத்தைச் சொல்லாது. நிரப்பக் கிடைத்த இடத்தைத்தான் சொல்லும். அந்த இடம் இரண்டு வழியில் கிடைக்கும்: கடல் ஏறினால் கிடைக்கும், நிலம் தாழ்ந்தாலும் கிடைக்கும். ஒரே இடத்துக் கல்லை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் முழங்காவில் கிணற்றில் சுண்ணக்கல்லின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து மயோசீன் கடல்மட்டத்தைக் கழித்துக் கூட்டி எடுக்க முடியாது. ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் நிலம் ஆடியிருக்கிறது. கல்லின் மேற்பரப்பும் மழையில் கரைந்து தேய்ந்திருக்கிறது.

இப்போது கடல் ஏறி இறங்கும்போது மேடை என்ன செய்யும் என்பதற்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆண்டுக்கு 1 மில்லிமீற்றர் என்றால் ஆயிரம் ஆண்டுக்கு 1 மீற்றர்.

மேடைத் தலை மேலே கட்டிக்கொண்டு போகக்கூடிய வேகம் பொதுவாக ஆயிரம் ஆண்டுக்கு 1 மீற்றர் என்ற வரிசையில். நல்ல நிலையிலுள்ள கிளைமுருகைக் கற்பார் மட்டும் 10 மீற்றர், சில வேளை அதற்கும் மேல் போகும். நிலம் தாழும் வேகமோ பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர். இரண்டையும் ஒப்பிட்டால் மேடை எப்போதும் வெல்ல வேண்டும். ஆனால் உலகெங்கும் கடலடியில் மூழ்கிச் செத்த மேடைகள் ஏராளம். இந்த முரணை 1981இல் வொல்ஃப்காங் ஷ்லாகர் என்ற புவிச்சரிதவியலாளர் எடுத்துக்காட்டினார். நிலம் தாழ்வதால் மட்டும் மேடை மூழ்காது. கடல் திடீரென்று பாய்ந்து ஏற வேண்டும், அல்லது மேடை முதலில் நோயுற வேண்டும் என்பது அவர் வாதம். பெரும்பாலான மூழ்கல்களில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

கடல் மெதுவாக ஏறினால் மேடை அதனோடு சேர்ந்து ஏறும், ஒழுங்கு குலையாது. மேடை முழுவதும் நீரில் இருப்பதால் உற்பத்தி தலைக்கு மேல் பெருகி மிஞ்சும். மிஞ்சியது விளிம்பு தாண்டிச் சரிவில் கொட்டும். மணல் படிவில் நடப்பதற்கு இது நேர்மாறு. ஆற்றுமணல் ஆழ்கடலுக்குப் போவது கடல் தாழ்ந்தபோது. சுண்ணமணல் போவது கடல் உயர்ந்தபோது. இதை மறந்து மணற்கல்லின் பாடத்தைச் சுண்ணக்கல்லுக்குப் பொருத்தினால் மொத்த வரிசையும் தலைகீழாகிவிடும்.

கடல் ஏறுவது நின்று ஓரிடத்தில் நிலைத்தால், மேலே இடமில்லாததால் மேடை பக்கவாட்டில் வளரும். பஹாமாஸ் மேடையின் மேற்கு விளிம்பு இப்படிக் காற்றடங்கிய பக்கமாக 25 கிலோமீற்றருக்கு மேல் கடலுக்குள் நகர்ந்திருப்பது அலையதிர்வு ஆய்வில் தெரிந்தது. கற்பார் இருந்த இடத்தின்மேல் மணல்திட்டு, மணல்திட்டின்மேல் களப்பு, களப்பின்மேல் அலைத்தட்டு என்று ஒரே துளையில் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் பக்கமாக இருந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. இதனால்தான் ஒரு துளையைப் படித்து முழு மேடையையும் விளங்க முடிகிறது.

கடல் வேகமாக ஏறினால் விளிம்பிலுள்ள கற்பார் ஆழத்தில் விடுபடும்; உயிர்கள் நிலப்பக்கமாக ஆழமற்ற இடம் தேடிப் புதிதாகக் கட்டும். கடைசிப் பனிக்கட்டிக்காலம் உருகியபோது, ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், 500 ஆண்டுக்குள் கடல் 15 மீற்றருக்கு மேல் ஏறிய பாய்ச்சல் ஒன்று உண்டு. தாஹிட்டித் தீவில் 2005இல் துளையிட்டு எடுத்த கற்பாரில் அது பதிந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடைக் கற்பாரில் 2010இல் எடுத்த துளைகள் இன்னும் தெளிவு. கடந்த 30,000 ஆண்டில் அது ஐந்து முறை செத்துப் பிழைத்திருக்கிறது. முதல் இரண்டும் கடல் இறங்கி வெயிலில் காய்ந்ததால். அடுத்த இரண்டும் கடல் வேகமாக ஏறி மூழ்கியதால். கடைசி, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, கலங்கிய நீராலும் படிவாலும். ஒவ்வொரு முறையும் கற்பார் கடற்பக்கமாகவோ நிலப்பக்கமாகவோ இடம் மாறிப் பிழைத்தது.

நோயுற்று மூழ்கியதற்கு நமக்கு மிக அருகிலுள்ள சான்று மாலைதீவு. 2015இல் நடந்த பன்னாட்டுக் கடலடித் துளையிடலில், ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே படிவின் தன்மை சட்டென்று மாறியது தெரிந்தது. இன்றைய பருவக்காற்று அப்போதுதான் முழு வலுவோடு வீசத் தொடங்கியது. அது எழுப்பிய நீரோட்டமும் அடிநீரிலிருந்து வந்த சத்தும் மேடைகளின் சில பகுதிகளை மூழ்கடித்தன. நமது பெரும்போக மழையைத் தரும் அதே பருவக்காற்று ஒழுங்கு முருகைக்கு எதிரியாகவும் வேலை செய்திருக்கிறது.

கடல் இறங்கினால் நடப்பது வேறு. மேடைத் தலை தரையாகிவிடும். உற்பத்தி அந்த நாளோடு நிற்கும். விளிம்புச் சரிவில் ஒடுங்கிய ஒரு கீற்றில் மட்டும் முருகை உயிர் தப்பும். மேலே மழைநீர் வேலை செய்யத் தொடங்கும். மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மென்னமிலமாகி, சுண்ணத்தைக் கரைத்துக் குழியும் குகையும் தோண்டும். கரைந்ததில் ஒரு பங்கு கீழே மறுபடி படிந்து மணலைக் கல்லாக ஒட்டும். கரையாத களியும் இரும்பும் சிவந்த மண்ணாக மிஞ்சும். நன்னீர் உவர்நீரோடு சந்திக்கும் மட்டத்தில் கரைவு மிகக் கடுமை: தனித்தனியே சுண்ணம் நிறைந்த இரண்டு நீரும் கலக்கும்போது, கலவை மறுபடி பசி கொண்டதாகிவிடும். அதனால் குகைகள் பெரும்பாலும் ஒரு மட்டத்தில் வரிசையாக இருக்கும்.

இந்த இறக்கம் வன்னிக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்கு 120 மீற்றருக்கும் கீழே இருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. பூநகரியிலிருந்து இராமநாதபுரம் வரை அன்று வெறும் தரை. அப்படித் தரையாகக் கிடந்த காலங்களில் சுண்ணக்கல்லின் தலை கரைந்தது, குழிகளுக்குள் மண் இறங்கியது. இன்று வெட்டும்போது சுண்ணக்கல்லின் தலை பல்லுப்பல்லாக, ஓரிடத்தில் உயர்ந்தும் இரண்டு அடி தள்ளி ஆழ்ந்தும் இருப்பது அதனால்தான். இதற்கு முன்னும் கடல் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. இன்னதை இன்ன இறக்கம் செய்தது என்று பிரிப்பது கடினமான வேலை.

பேர்டிகேலியன் காலம் ஏறத்தாழ 44 இலட்சம் ஆண்டு நீண்டது. ஆயிரம் ஆண்டுக்கு 1 மீற்றர் என்ற வேகத்தில் மேடை இடைவிடாமல் வளர்ந்திருந்தால் 4.4 கிலோமீற்றர் கல் இருக்க வேண்டும். வன்னியின் தரைக்கடியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. மீதிக் காலம் எங்கே போனது? இடம் இல்லாமல் உற்பத்தி நின்ற காலம், தரையாகிக் காய்ந்த காலம், கரைந்து போன காலம் எல்லாம் படைகளுக்கு நடுவிலுள்ள வெட்டுமுகங்களில் ஒடுங்கிக் கிடக்கின்றன. விரல் தடிப்புள்ள ஒரு சிவந்த கோடு, அதன் கீழுள்ள 5 மீற்றர் கல்லைவிட நீண்ட காலத்தைக் குறிக்கலாம்.

இனி கையோடு செய்யும் வேலை. குழாய்க்கிணறு அடிக்கும் இடத்தில் நின்று இதைப் படிக்க ஆய்வுகூடம் தேவையில்லை; ஒழுங்கு தேவை.

ஒவ்வொரு மீற்றருக்கும் மேலே வரும் தூளை ஒரு கைப்பிடி எடுத்து, சமையலறை அரிதட்டில் நீர் ஊற்றிக் கழுவி, ஆழம் எழுதிய பையில் போடுங்கள். கழுவாமல் பார்த்தால் எல்லாமே வெள்ளைச் சேறாகத்தான் தெரியும். ஆனால் கழுவுவதற்கு முன் சேறு எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று குறித்துவிடுங்கள். களப்புச் சுண்ணக்கல்லின் அடையாளமே அந்தச் சேறுதான். அடுத்து அமிலம். கடையில் கிடைக்கும் 36 வீத ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒரு பங்கை மூன்று பங்கு தண்ணீருக்குள் ஊற்றினால் ஏறத்தாழ 10 வீதக் கரைசல் கிடைக்கும். தண்ணீருக்குள் அமிலம், ஒருபோதும் அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் வேண்டும். ஒரு துளி விட்டவுடன் சீறிப் பொங்கினால் சுண்ணக்கல். தூளாக்கிய பிறகே மெதுவாகப் பொங்கினால் மகனீசியம் கலந்த தொலமைற்று. பொங்கி முடிந்தும் மணி மணியாக மிஞ்சினால் மணல் கலந்தது.

அந்த மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பதுதான் மிகப் பயனுள்ள சோதனை, செய்பவர்கள் குறைவு. உலர்ந்த தூள் 10 கிராமை 100 மில்லிலீற்றர் கரைசலில் சிறிது சிறிதாகப் போடுங்கள். 10 கிராம் தூய சுண்ணக்கல்லைக் கரைக்க 70 மில்லிலீற்றர் அளவு போதும், மிச்சம் பாதுகாப்புக்கு. ஒரேயடியாகப் போட்டால் நுரை வழிந்து மாதிரி போய்விடும். பொங்குவது முற்றாக நின்றபின் ஒரு துளி புதுக் கரைசல் விட்டுச் சரிபாருங்கள். பிறகு வடித்து, நன்னீரில் கழுவி, உலர்த்தி நிறுங்கள். அரைக் கிராம் மிஞ்சினால் கரையாதது 5 வீதம்: ஆற்றின் கை படாத தெளிந்த கடல். 4 கிராம் மிஞ்சினால் 40 வீதம்: ஆற்றுமுகத்தின் அயல். இந்த வீதத்தை ஆழத்தோடு ஒரு தாளில் கோடாக வரைந்தால், கரை எப்போது நெருங்கியது, எப்போது விலகியது என்பது கண்ணுக்கே தெரியும். களிபோல் மென்மையாக மிஞ்சுவதையும் மணலாக மிஞ்சுவதையும் தனித்தனியே குறியுங்கள்.

10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் மணிகளைப் பாருங்கள். சில மில்லிமீற்றர் அகல வில்லைகளும் சேறும் சேர்ந்திருந்தால் களப்பு. சேறே இல்லாமல் உருண்டு தேய்ந்த ஓட்டுத்துண்டுகள் மட்டும் என்றால் மணல்திட்டு. முருகையின் நட்சத்திர அறைகள் தெரிந்தால் கற்பார் அயல். நத்தையும் முருகையும் பெரும்பாலும் ஓடாகக் கிடைக்காது. அவற்றின் வெற்று அச்சுத்தான் இருக்கும். அவை அரகோனைற்று என்ற எளிதில் கரையும் வடிவில் ஓடு கட்டியவை. நன்னீர் கடந்தபோது கரைந்துவிட்டன. ஆளி (ஒயிஸ்டர்) வகைச் சிப்பியும் துளையுயிரியும் கல்சைற்று என்ற, எளிதில் கரையாத வடிவில் கட்டியதால் தப்பின. ஆகவே அச்சுகள் நிறைந்த படை, கடல் இறங்கி மழைநீர் அதற்குள் ஓடிய காலம் ஒன்று உண்டென்பதைச் சொல்கிறது. அது எப்போது என்று மட்டும் சொல்லாது.

வெட்டுமுகங்களின் அடையாளம்: சிவந்த களி, கறுத்த கூழாங்கல், வேர் ஓடிய குழாய்கள், சடுதியாக வைரமாகும் (கெட்டியாகும்) மெல்லிய மேலோடு. இவை கடல் இறங்கியதன் ஒப்பம். மாறாக, வைரமான முகத்தில் கடலுயிர்கள் துளைத்த ஓட்டைகள், அதன்மேல் பச்சைநிற மணிகளோ ஆழநீர்ச் சேறோ வந்தால் அது மூழ்கலின் ஒப்பம். இரண்டும் வைர முகந்தான். மேலே என்ன படிந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

எங்கே பிழை வரும்? மேல்ப்படைத் துண்டு உதிர்ந்து கீழ்ப்படைத் தூளோடு கலக்கும். ஆகவே ஒரு வகை மணி முதன்முதலாகத் தோன்றும் ஆழத்தை நம்புங்கள். மறையும் ஆழத்தை நம்பாதீர்கள். தூள் மேலே வரக் கொஞ்ச நேரம் எடுக்கும்; துளை ஆழமாக ஆகக் கூடுதலாக எடுக்கும். தண்டை நிறுத்திவிட்டு, துளையிலிருந்து சுத்த நீர் வரும்வரை பொறுத்து எடுத்தால் இந்தக் குழப்பம் குறையும். குகையில் விழுந்தால் தண்டு பொத்தென்று இறங்கும், தண்ணீர் மேலே வருவது நிற்கும். அங்கே மாதிரியே கிடைக்காது. தண்டு இறங்கிய தொடக்க ஆழத்தையும் முடிவாழத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் அதுவே தரவு. இரண்டு கிணறுகளை ஒப்பிடும்போது தரையின் உயரத்தைக் கழிக்காமல் ஒப்பிடுவது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. கைத்தொலைபேசி காட்டும் உயரத்தில் பல மீற்றர் பிசகும். நீர்மட்டக் குழாயோ நில அளவைக் குறிகல்லோ வேண்டும்.

சுண்ணம் பொங்கியதெல்லாம் மயோசீன் மேடை அல்ல. கருங்கல் நிலத்திலும் மண்ணுக்குள் சுக்கான் கல் உருண்டை உருண்டையாக இருக்கும். வறண்ட காலத்தில் மண்நீர் மேலேறி ஆவியாகி விட்டுப்போன சுண்ணம் அது. அதைக் கண்டு கடல் வவுனியா வரை வந்தது என்று சொல்லிவிடக்கூடாது. உள்ளே கடலுயிர்களின் ஓடு இல்லை, வெட்டினால் மண்ணின் மணல் தெரியும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணிலும் இத்தகைய உருண்டைகள் வரும். (அந்தக் களிக்குத் தனி மதிப்பு உண்டு: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தன் களியை முருங்கனிலிருந்துதான் எடுத்தது.) கரையில் அலை படும் இடத்தில் இன்றைய மணலும் சிப்பியும் சில பத்தாண்டுகளுக்குள் ஒட்டிக் கல்லாவதும் உண்டு, அதில் போத்தல் ஓடுகூடச் சிக்கியிருக்கும். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்குச் சற்று மேலே நின்றபோது ஒதுங்கிய சிப்பிப் படைகளும் கரையோரத் தரவைகளில் கிடக்கின்றன. அவற்றில் நத்தை ஓடு கரையாமல் பளபளப்போடு இருக்கும். மயோசீன் கல்லில் அப்படி இராது. பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

வளரும் மேடையின் இன்றைய மாதிரி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக்கு எதிரே கடலில் முருகைக் கற்பார்கள் உண்டு. அவற்றுக்கு அப்பால் முத்துக்குளிப்புக்குப் பெயர்போன பார்கள். மழைக்காலத்தில் அருவியாறு கலங்கிப் பாயும் பக்கத்தில் முருகைக்கு என்ன நேர்கிறது, விலகிய பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று அந்த ஊர்க் கடற்றொழிலாளரைக் கேளுங்கள். மயோசீன் மேடை எங்கே மணலோடு கலந்தது, எங்கே தூய்மையாக வளர்ந்தது என்பதற்கான விளக்கம் அவர்கள் பேச்சிலேயே கிடைக்கும்.

வெட்டுமுகங்களைக் குறித்துவைப்பது தண்ணீருக்கும் உதவும். முருங்கன், முழங்காவில் பகுதிகளில் ஆழத்தில் அடைபட்ட நீர் உண்டு. சுண்ணக்கல்லுக்குள் நீர் தாராளமாக ஓடுவது கல்லின் உடம்பு வழியாக அல்ல, பழைய கரைவு மட்டங்கள் வழியாக. அந்த மட்டம் எந்த ஆழத்தில் என்று முதற் கிணற்றில் எழுதிவைத்தால் அடுத்த கிணற்றுக்கு வீண்செலவு குறையும். ஆனால் அதே வழியால்தான் கடலும் உள்ளே வரும். கரையோரத்தில் அடைபடாத மேல்மட்ட நிலத்தடி நீரில், நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் மிதக்கும். மேலே அரை மீற்றர் இறைத்துக் குறைத்தால் கீழிருந்து 20 மீற்றர் உவர் ஏறும். கரைவு மட்டத்தில் விழுந்த கிணற்றில் இது நாள்கணக்கில்கூட நடக்கலாம். ஆகவே சிவந்த களியும் குகையும் கண்ட ஆழத்துக்குக் கீழே தண்ணீர் நிறையக் கிடைக்கிறதென்று மேலும் அடிக்காமல், அங்கேயே நிறுத்தி, சிறிய பம்பியால் இறைத்து, ஒவ்வொரு மணித்தியாலமும் உப்பை அளந்து பார்த்த பிறகே கிணற்றின் ஆழத்தை முடிவுசெய்யுங்கள்.